விமானப் பயணத்துக்கு ஃபிட்ஜெட் பொம்மை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை லீவு நெருங்கும்போதும் டிசம்பர் கடைசியிலும் எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ டிக்கெட் போட்டாயிற்று. பிள்ளை நான்கு மணி நேரம் உட்காருவானா, கையில் என்ன கொடுப்பது, அதை உள்ளே விடுவார்களா? கேட்பவர்களில் பெரும்பாலோர் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அதிகத் துறுதுறுப்பு) உள்ள பிள்ளைகளின் பெற்றோர். பறக்கப் பயப்படும் பெரியவர்களும் உண்டு. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"ஃபிட்ஜெட் பொம்மைன்னா அந்தச் சுத்துற ஸ்பின்னர்தானே? அதுக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்?"

ஸ்பின்னர் அதில் ஒரு வகை, அவ்வளவுதான். 2017ல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பரவியதால் அந்தப் பெயர் நின்றுவிட்டது. அமுக்குவது, இழுப்பது, முறுக்குவது, தேய்ப்பது, கடிப்பது என்று கையோ வாயோ ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய இடம் தரும் எதுவும் இந்தக் கணக்கில் சேரும். மீட்டிங்கில் பேனாவை டிக் டிக் என்று அமுக்கும் மேனேஜரும் இதைத்தான் செய்கிறார்.

விமானத்தில் பெல்ட் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். எழுந்து ஓட முடியாது. எஞ்சின் இரைச்சல், காது அடைப்பு, அடுத்த சீட்டுக்காரரின் சென்ட் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். உடம்பு தப்பிக்க வழி தேடும்போது கைக்கு ஒரு வேலை இருந்தால் பல பிள்ளைகள் கொஞ்சம் நிதானமாகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அல்ல. இது மருந்தும் அல்ல. 'கவனத்தைக் கூட்டும்' என்று டப்பாவில் அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

"எங்க பையனுக்கு எது வாங்கலாம்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க மேடம், போதும்."

பெயர் சொல்ல மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் அவன் கையையும் வாயையும் பாருங்கள். மின்சாரம் போய் இருட்டாகும்போது, கல்யாண மண்டபத்தில் மேளம் பலமாக அடிக்கும்போது, முடி வெட்டும் கடையில் உட்காரும்போது என்ன செய்கிறான்? சட்டைக் காலரைச் சப்புகிறானா? பனியன் லேபிளைத் தேடிப் பிடித்துக் கட்டைவிரலால் தேய்க்கிறானா? உங்கள் கையை எலும்பு நோகும்படி இறுக்குகிறானா? பள்ளிப்பை ஜிப்பை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறானா? ஃபேனையே பார்க்கிறானா?

காலர் சப்பும் பிள்ளைக்குச் சிலிகோன் மெல்லுபொருள். லேபிள் தேய்ப்பவளுக்குச் சாட்டின் ரிப்பன் தைத்த கைக்குட்டையோ, சொரசொரப்பும் வழுவழுப்பும் மாறி மாறி வரும் துணியோ போதும். கையை இறுக்குபவனுக்கு நன்றாக எதிர்த்து நிற்கும் கெட்டியான ஃபோம் பந்து. மெத்தென்று உள்ளே போய்விடும் ஸ்க்விஷி அவனுக்குப் போதாது. ஜிப் பிள்ளைக்கு ஜிப், பக்கிள், வெல்க்ரோ வைத்துத் தைத்த சின்னத் தலையணை. ஃபேன் பார்ப்பவனுக்குச் சுற்றுகிற ஒன்று. ஓ.டி. (ஆக்குபேஷனல்) தெரபிக்குப் போகிறீர்கள் என்றால் அந்தத் தெரபிஸ்டிடமே கேளுங்கள். வகுப்பில் எதை விடாமல் பிடித்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும்.

"வீட்டுல இருக்கறதையே எடுத்துட்டுப் போகலாமா, இல்ல விமானத்துக்குன்னு தனியா வாங்கணுமா?"

வீட்டில் இருப்பதே முதல் தேர்வு. ஆனால் விமானத்துக்கென்று சில கண்டிஷன் உண்டு. ஒரே துண்டாக இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும். நீர் கசியக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க முடிய வேண்டும். முக்கியமாக, உருளக் கூடாது. மேலே ஏறும்போது மூக்கு தூக்கிய நிலையில் தரை சாய்வாக இருக்கும். கையிலிருந்து விழுந்த பந்து பின்வரிசைகளுக்குப் போய்விடும், பெல்ட் சிக்னல் எரிகிறபோது யாரும் எழுந்து எடுத்துத் தர முடியாது.

பந்துதான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால், ஒரு சாண் நீளக் கயிற்றில் கோத்து மணிக்கட்டிலோ பை வாரிலோ மாட்டுங்கள். கயிறு நீளமானால் கழுத்தில் சுற்றும், அதனால் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே எதுவும் விழுந்துவிட்டால் சீட்டைச் சாய்த்து நிமிர்த்தித் தேடாமல் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். பேட்டரி உள்ள பொருள் என்றால் இது ரொம்ப முக்கியம். உள்ளே நசுங்கினால் தீப்பிடிக்கும்.

"செக்யூரிட்டியில பிடுங்கிடுவாங்களா?"

ஸ்பின்னர், ரப்பர் குமிழ்களை அமுக்கும் பாப் இட், ரூபிக் க்யூப், ஃபோம் பந்து, வளைந்து நெளியும் டேங்கிள் எல்லாம் சாதாரணமாகப் போய்விடும். சிக்கல் வருவது வடிவத்தால்: கேரட் நைஃப் என்று விற்கிற, வீசினால் நீளும் பிளாஸ்டிக் கத்தி, துப்பாக்கி மாதிரி க்ளிக் செய்யும் பொம்மை. பிளாஸ்டிக்தானே என்று வாதாடிப் பயனில்லை. எக்ஸ்ரே திரையில் தெரிவது கத்தியின் உருவம். ஆணி வைத்த பம்பரமும் வீட்டிலேயே இருக்கட்டும். எதை விடுவது என்பதில் கடைசி வார்த்தை அங்கே நிற்கும் அதிகாரியுடையது.

பறிமுதலை விடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. பொம்மை ட்ரேயில் ஏறி அந்த ரப்பர் திரைக்குள் போகும்போது, பிள்ளை கையைவிட்டுப் போகிறது. பெரியவர்களுக்கு அது அரை நிமிடம். பிள்ளைக்கு அது காணாமல் போய்விட்டது. அந்த இடத்தில்தான் பல பேர் தரையில் படுத்து அலறியிருக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு அட்டைப்பெட்டியில் இரண்டு பக்கமும் துணி தொங்கவிட்டு, 'உள்ளே போகுது, வெளியே வருது' என்று சில நாள் விளையாடிக் காட்டுங்கள். பெற்றோரில் ஒருவர் முதலில் சோதனை முடித்து அந்தப் பக்கம் போய் நின்று பொம்மையைக் கையில் எடுத்துக் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

"ஸ்லைம் இல்லாம இருக்க மாட்டா. ஸ்லைம், பட்டி, ஜெல் பந்து இதெல்லாம்?"

2006ல் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிமருந்தால் தகர்க்கும் சதி வெளிப்பட்டது. அதிலிருந்து சர்வதேசப் பயணங்களில் கைப்பையில் திரவம், ஜெல் எல்லாம் 100 மில்லி டப்பாவுக்குள், ஒரு லிட்டர் தெளிவான பைக்குள் என்று ஆனது. ஸ்லைம் ஜெல் கணக்கு. தண்ணீருக்குள் மினுமினுப்பு மிதக்கும் குழாய், வழுக்கி ஓடும் தண்ணீர்ப் பாம்பு எல்லாமே திரவக் கணக்கு. களிமண் போலப் பிசையும் தெரபி பட்டி கெட்டியாக இருந்தாலும் எந்தக் கணக்கில் வைப்பது என்று அதிகாரி யோசிப்பார், உங்கள் பின்னால் வரிசை நிற்கும்.

சின்ன டப்பா பட்டி பரவாயில்லை. ஸ்லைமை மட்டும் செக்-இன் பெட்டியில் போடுங்கள், அதுவும் இரண்டு ஜிப் கவர் போட்டு. அனுமதி கிடைத்தாலும் துணி சீட்டில் ஒட்டிய ஸ்லைமை நடுவானில் சுரண்டிப் பார்த்தவர்கள் மறுபடி கொண்டுபோவதில்லை.

"நானே பலூன்ல மைதா போட்டு ஸ்ட்ரெஸ் பால் செஞ்சு வச்சிருக்கேன். நல்லா இருக்கு. இது ஓகேயா?"

வீட்டில் ஓகே. விமான நிலையத்தில் பலூன் கிழிந்து வெள்ளைப் பொடி கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லிக்கு மேல் பொடி கைப்பையில் இருந்தாலே தனிச் சோதனை. உங்கள் பந்தில் அவ்வளவு மாவு இருக்காது, ஆனாலும் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான். தவிர, கிழிந்த பலூன் துண்டு சின்னப் பிள்ளைகளின் தொண்டையை அடைக்கும் பொருள்களில் முக்கியமானது.

மாவுக்குப் பதில் கடுகு, கேழ்வரகு, பச்சைப்பயறு போட்டுத் துணியில் தைக்கலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். உள்நாட்டுப் பயணத்துக்கு அருமை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறீர்கள் என்றால் விதையும் தானியமும் எந்த உருவில் இருந்தாலும் இறங்கும்போது படிவத்தில் எழுதியே ஆக வேண்டும், மறைத்தால் அபராதம். பிளாஸ்டிக் மணி போட்டுத் தையுங்கள், தலைவலி இல்லை. குன்றிமணி மட்டும் எந்த ஊருக்கும் வேண்டாம். அழகுதான், ஆனால் கடித்து உடைத்தால் விஷம்.

"காத்து அடைச்ச பந்து மேல போனா வெடிச்சிடுமா?"

வெடிக்காது, உப்பும். கேபினுக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்குத்தான் வைத்திருப்பார்கள். அதாவது விமானம் முப்பத்தைந்தாயிரம் அடியில் பறந்தாலும் நீங்கள் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட ஊட்டியில். சென்னையில் அடைத்த காற்று அங்கே மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். சிப்ஸ் பாக்கெட் விறைத்து நிற்பது இதனால்தான்.

பந்தில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு எடுத்துப் போனால் போதும். ஜெல்லும் காற்றுக்குமிழியும் சேர்ந்து இருக்கும் மெல்லிய தோல் பந்துகள்தான் ஆபத்து. தையல் விளிம்பில் கசிய ஆரம்பிக்கும். தண்ணீரில் ஊறிப் பெருக்கும் வாட்டர் பீட்ஸ் உள்ளே இருக்கும் பந்துகளை நான் வீட்டுக்கே வேண்டாம் என்பேன்; பிள்ளை விழுங்கினால் அது குடலுக்குள் ஊதி அடைத்துவிடும்.

"காது வலிக்குதுன்னு அழறான். மெல்லற செயின் குடுத்தா சரியாகுமா?"

ஓரளவு. காது அடைப்பு அதிகம் வருவது விமானம் கீழே இறங்கும்போது. எச்சில் விழுங்கினால் நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள குழாய் திறந்து அழுத்தம் சமமாகும். மென்றால் எச்சில் ஊறும், விழுங்குவான். ஸ்ட்ரா வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவது இன்னும் நன்றாக வேலை செய்யும். தரையிறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். சளி பிடித்திருந்தால் கிளம்பும் முன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மெல்லும் செயின் வாங்கும்போது இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் கொக்கி இருக்கிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள். தூங்கிவிட்டால் கழுத்திலிருந்து எடுத்துவிட வேண்டும். சீட், ட்ரே, தரை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வாய்க்குப் போகும் பொருள், அதனால் இரண்டு வைத்திருங்கள். ஒன்று வாயில், ஒன்று மூடி போட்ட சின்ன டப்பாவில்.

"பாப் இட் சத்தம் எல்லாம் ஒரு சத்தமா? எஞ்சினே இரையுதே!"

பறக்கும்போது கேபின் இரைச்சல் 80 டெசிபலை ஒட்டி இருக்கும், பாப் இட் அதில் அமுங்கிவிடும். உண்மை. ஆனால் கதவு மூடி விமானம் கிளம்பாமல் நிற்கிற அந்த நேரம் இருக்கிறதே, ஏசி மட்டும் ஓடும், எல்லோரும் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பார்கள். அப்போது ஒரே தாளத்தில் டப் டப் டப் என்று கேட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்வைக்கு நீங்கள் பதறுவீர்கள், அந்தப் பதற்றம் பிள்ளைக்குத் தொற்றும்.

ட்ரே மேல் வைத்து அமுக்காமல் மடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் அமுக்கச் சொல்லுங்கள். சத்தம் குறையும், அதைவிட முக்கியமாக அதிர்வு போகாது. ட்ரே முன்சீட்டின் முதுகில் மாட்டியிருக்கிறது. உங்கள் பிள்ளை தட்டுவதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகில் போய் விழும். சண்டை பெரும்பாலும் சத்தத்தால் வருவதில்லை, இதனால்தான்.

"காந்த உருண்டை செட் வாங்கியிருக்கேன். மணிக்கணக்கா உட்கார்ந்து அடுக்கறா."

வேண்டாம். அந்த உருண்டைகள் நியோடிமியம் காந்தம். ஒன்றுக்கு மேல் விழுங்கிவிட்டால் குடலின் இரண்டு மடிப்புகள் நடுவே சிக்க, ஒன்றையொன்று இழுத்துச் சுவரை ஓட்டை போடும். அறுவை சிகிச்சை வரை போகும். 2012லேயே அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இவற்றின் விற்பனையை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. நடுவானில் ஒன்று காணவில்லை என்றால் அது சீட்டுக்கடியிலா வயிற்றிலா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? மேலே 'ஒரே துண்டு' என்றேனே, அந்தக் கண்டிஷனிலும் இது தேறாது.

"லைட் எரியுற ஸ்பின்னர்?"

கைப்பையில் கொண்டுபோகலாம். பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும். நகத்தால் திறக்க முடிந்தால் நிராகரியுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் எக்ஸ்ரே எடுக்க நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டியில் கூடாது, கைப்பையில் மட்டும். இரவு விமானத்தில் விளக்கு அணைத்த பிறகு பளிச் பளிச் என்று மின்னினால் என்ன ஆகும் என்பதற்குப் பாப் இட் பதிலையே படித்துக்கொள்ளுங்கள்.

"கடையில ஐம்பது ரூபாய்க்கும் இருக்கு, ஐநூறுக்கும் இருக்கு. எதை நம்பறது?"

விலையைப் பார்க்காதீர்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். அப்புறம் மூக்கருகில் கொண்டுபோங்கள். ரப்பர் நெடி தலைக்கு ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூடிய கேபினில் அந்த வாசனையே பிள்ளைக்குக் குமட்டும். பாகங்களைப் பிடித்து முறுக்கி, ஏதாவது கழன்று வருகிறதா என்றும் பாருங்கள்.

"புதுசா ஒரு பை நிறைய வாங்கிட்டேன். சர்ப்ரைஸா ப்ளைட்ல எடுத்துக் குடுக்கலாம்ல?"

போரடிக்கும் பிள்ளைக்குப் புதுசு வேலை செய்யும். பயந்துபோன பிள்ளைக்குச் செய்யாது. அவனைச் சுற்றி ஏற்கெனவே எல்லாமே புதுசு. கைக்காவது தெரிந்த ஒன்று வேண்டும். அதனால் பழசு இரண்டு, புதுசு ஒன்று என்று வையுங்கள். புதுசையும் கிளம்பும் முன் ஒரு பஸ் பயணத்தில் கொடுத்துப் பாருங்கள். விமான சீட் போலவே இடமும் குறைவு, குலுக்கலும் உண்டு. எதைக் கொடுப்பதானாலும் அழுகை ஆரம்பித்தபின் கொடுக்காதீர்கள். கதவு மூடும்போதே கையில் இருக்கட்டும்.

"எனக்கு வயசு 34 மேடம். ப்ளைட் ஆடினா உயிரே போகுது. ஆனா நான் பொம்மையை உருட்டினா என்ன நினைப்பாங்க?"

ஒன்றும் நினைக்க மாட்டார்கள், அவரவர் போனில் இருப்பார்கள். கூச்சமாக இருந்தால் பொம்மை போலத் தெரியாததை எடுங்கள். விரலில் போட்டுக்கொண்டே சுற்றலாம் என்று வெளிவளையம் உருளும் மோதிரம் இருக்கிறது. வழவழப்பான கூழாங்கல் ஒன்று பாக்கெட்டில் போதும். ருத்ராட்சமாலை, ஜெபமாலை, தஸ்பீஹ் உருட்டும் பெரியவர்களை விமானத்தில் யாரும் விசித்திரமாகப் பார்த்ததில்லை. ஒரு மணி, ஒரு மூச்சு என்று நகர்த்துங்கள். மூச்சை வெளியே விடுவது உள்ளிழுப்பதை விட நீளமாக இருக்கட்டும். குலுக்கல் நிற்கும் வரை கைக்கும் மூச்சுக்கும் வேலை இருக்கும்.

"மடியில வைக்கற வெயிட் தலையணை இருக்கு. டேக்-ஆஃப்ல வச்சுக்கலாமா?"

முதலில் பெல்ட், இடுப்பில் இறுக்கமாக, உடம்பை ஒட்டி. அதற்கு மேல்தான் தலையணை. பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே எதுவும் வரக் கூடாது. ஏறும்போதும் இறங்கும்போதும் எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும், அங்கே பணிக்குழு சொல்வதுதான் சட்டம். கையில் அடங்கும் மெத்தென்ற பொருளை வைத்திருக்க அநேகமாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதனால் தலையணை போகும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குக் கைப்பொம்மை தயாராக இருக்கட்டும். உள்ளே மணியோ மணலோ நிறைந்திருப்பதால் எக்ஸ்ரேயில் கட்டியாகத் தெரியும், பையைத் திறக்கச் சொல்வார்கள். நம் உள்நாட்டு விமானங்களில் வழக்கமான 7 கிலோ கைப்பைக் கணக்கிலும் இதன் எடை சேரும்.

"இதெல்லாம் ஏர்லைன்ஸ்கிட்ட முன்கூட்டியே சொல்லணுமா? சொன்னா ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா?"

பொம்மையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையைப் பற்றிச் சொல்லுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு, டிக்கெட்டில் 'டி.பி.என்.ஏ.' என்ற குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். வளர்ச்சி அல்லது அறிவுசார் குறைபாடு உள்ள பயணிக்கு உதவி தேவை என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் குறியீடு. இயலாமையைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது என்று நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2022ல் விதியைத் திருத்தியிருக்கிறது. பறக்கும்போது பயணியின் உடல்நிலை மோசமாகும் என்று விமான நிறுவனம் நினைத்தால் டாக்டரைப் பார்க்க வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை இருந்தால் கையில் வையுங்கள்.

லண்டன் கேட்விக்கில் 2016ல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை துபாய், பெங்களூரு விமான நிலையங்களிலும் உண்டு. பச்சை நாடாவில் மஞ்சள் பூ. கழுத்தில் போட்டால் வெளியே தெரியாத இயலாமை இருக்கிறது என்று ஊழியர்கள் புரிந்துகொள்வார்கள். கிளம்பும் ஊரிலும் இறங்கும் ஊரிலும் இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். பொம்மையை எக்ஸ்ரேயில் விடும் அந்த இடத்தில் இது ரொம்பக் கைகொடுக்கும்.

"எல்லாம் எடுத்துட்டுப் போனோம். ஒண்ணையும் தொடல, தூக்கி எறிஞ்சான். அப்போ என்ன பண்றது?"

எறிய ஆரம்பித்தால் பொம்மைகளை உள்ளே வையுங்கள், மாற்றி மாற்றி நீட்டாதீர்கள். அந்த நேரத்தில் அவனுக்கு வேண்டியது இன்னொரு பொருள் அல்ல. இருப்பதெல்லாம் குறைய வேண்டும். ஜன்னல் மறைப்பை இறக்க விட்டால் இறக்குங்கள், சத்தம் தடுக்கும் ஹெட்போன் போடுங்கள், துப்பட்டாவைக் கூடாரம் போலத் தலைக்கு மேல் பிடியுங்கள். அழுத்தம் பிடிக்கும் பிள்ளை என்றால் தோளிலிருந்து மணிக்கட்டு வரை உள்ளங்கையால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். பேச்சைக் குறையுங்கள். அடங்கியபின் அவனே கையை நீட்டுவான், அப்போது பழைய பொம்மையைக் கொடுங்கள்.

"பொம்மை விமானத்துலயே விட்டுப் போச்சு. அழுகை நிக்கல. திரும்பக் கிடைக்குமா?"

இறங்கிய உடனே, வெளியே போகும் முன் விமான நிறுவனத்தின் கவுண்டரில் சீட் எண்ணும் விமான எண்ணும் சொல்லுங்கள். விமானத்தைச் சுத்தம் செய்பவர்கள் இன்னும் உள்ளே இருந்தால் பார்க்கச் சொல்ல முடியும். பொம்மையின் போட்டோ போனில் இருந்தால் 'நீலமா, இப்படி முறுக்கின மாதிரி' என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். சீட் பாக்கெட்டில் பொம்மையை வைக்கவே வைக்காதீர்கள், பெரும்பாலும் தொலைவது அங்கேதான். உயிராக வைத்திருக்கும் பொருள் என்றால் அதே நிறம், அதே அளவில் இரண்டாவது ஒன்றை இப்போதே வாங்கி, அதுவும் கொஞ்சம் பழசாகும்படி வீட்டில் மாற்றி மாற்றிக் கொடுத்து வையுங்கள். பளபளவென்று புதிதாக இருந்தால் 'இது என்னோடது இல்ல' என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.